பெரிய ராஸ்டர் நிலப்படத் தரவுக்குக் கோப்பு வடிவத்தையும் சுருக்க முறையையும் தேர்ந்தெடுப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பணிகளுக்கான வழிகாட்டி

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை, ஒரு பிக்சல் ஐந்து சென்டிமீட்டர் என்ற நுணுக்கத்தில் ட்ரோன் கொண்டு படமெடுத்தால், குறுக்கே 20,000, நெடுக்கே 20,000 என்று மொத்தம் 40 கோடி பிக்சல்கள் கிடைக்கின்றன. இப்படிப் பிக்சல்களால் ஆன தரவே ராஸ்டர் தரவு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பட்டைகளுக்கும் தலா ஒரு பைட் என்று கணக்கிட்டால் அந்தப் படம் 1.2 ஜிபி ஆகும். அதே பரப்பின் உயர மாதிரியை, அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதில் உயரத்தைக் கொண்ட கோப்பை, பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் சேமித்தால் 1.6 ஜிபி ஆகும். பாலக்கோடு வட்டத்தில் ஓர் ஏரித் தொடரையோ, கிருஷ்ணகிரி அணையின் பாசனப் பரப்பில் ஒரு பகுதியையோ 25 சதுர கிலோமீட்டர் அளவுக்கு எடுத்தால், படம் 30 ஜிபியையும் உயர மாதிரி 40 ஜிபியையும் தொடும். இவ்வளவு பெரிய கோப்புகளை எட்டு ஜிபி நினைவகம் கொண்ட சாதாரண மடிக்கணினியில் தடையின்றித் திறந்து பார்க்க முடியும். ஆனால் கோப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நடக்கும். ஏரிகளை அளப்பவர்களும், மாந்தோப்புப் பரப்பைக் கணக்கிடுபவர்களும், கல் குவாரிகளின் கன அளவைக் கண்டறிபவர்களும், நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆராயும் மாணவர்களும் இந்தத் தேர்வைத் தாமே செய்துகொள்வதற்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

இங்கே குறிப்பிடும் வேலைகள் அனைத்தையும் ஜிடால் (GDAL) என்னும் கட்டற்ற மென்பொருள் நூலகத்தைக் கொண்டும், அதையே உள்ளே பயன்படுத்தும் கியூஜிஐஎஸ் (QGIS) நிலப்பட மென்பொருளைக் கொண்டும் செய்யலாம். தமிழில் ஒலிபெயர்த்துத் தந்துள்ள தெரிவுகளின் பெயர்களைக் கருவியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் உள்ளிட வேண்டும்; ஆம் என்பதை YES என்று உள்ளிட வேண்டும்.

பிக்சலில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது?

எந்த வடிவம் சிறந்தது, எந்தச் சுருக்கம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. முதலில், பிக்சலில் இருக்கும் எண் ஓர் அளவீடா, ஒரு குறியீடா, அல்லது கண்ணால் பார்ப்பதற்கான நிறமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உயர மாதிரியில் இருக்கும் 472.38 என்பது அளவீடு. செயற்கைக்கோள் பட்டைகளின் எதிரொளிப்பு மதிப்பும் அளவீடே. நிலப்பயன்பாட்டுப் படத்தில் இருக்கும் 5 என்பது மாந்தோப்பு என்ற வகையைக் குறிக்கும் குறியீடு. பின்னணிப் படமாக மட்டும் பயன்படப்போகும் ட்ரோன் படத்தில் இருப்பது நிறம். அளவீட்டில் எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்பதை நாம் வரையறுக்க முடியும். குறியீட்டில் ஒரு சிறு பிழையையும் ஏற்க இயலாது. நிறத்திலோ கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தால் எந்தத் தீங்கும் இல்லை. சுருக்க முறையைத் தேர்வது பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இதனுடன் இன்னொன்றையும் முடிவு செய்துகொள்வது நல்லது. ஒரே தரவுக்கு ஒரே கோப்புதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. இழப்பில்லாமல், அதாவது எந்த எண்ணும் மாறாமல், சுருக்கிய மூலக் கோப்பு ஒன்றைக் காப்பகத்தில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் இழப்புடன் சுருக்கிய சிறு பிரதி ஒன்றை உருவாக்குவதே பாதுகாப்பான நடைமுறை. இழப்புடன் சுருக்கிய பிரதியிலிருந்து மூலத்தை மீட்டெடுக்க எந்த வழியும் கிடையாது.

சுருக்குவதற்கு முன் எண் வகையைச் சரிசெய்தல்

பெரிய கோப்பைக் கண்டவுடன் சுருக்க முறையைத் தேடுகிறோம். ஆனால் பல வேளைகளில் கோப்பு பெருத்திருப்பதற்கு எண் வகையே காரணம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் பத்து மீட்டர் பட்டை ஒன்று, ஒரு கட்டத்துக்கு 10,980 பெருக்கல் 10,980 பிக்சல்களைக் கொண்டது. அதைப் பிக்சலுக்கு இரண்டு பைட் வீதம் சேமித்தால் ஏறத்தாழ 241 எம்பி ஆகிறது. அந்தப் பட்டைகளிலிருந்து கணக்கிடும், தாவரங்களின் செழிப்பைக் காட்டும் அளவான தாவரக் குறியீட்டின் மதிப்பு கழித்தல் ஒன்றுக்கும் கூட்டல் ஒன்றுக்கும் இடைப்பட்ட பின்னம். அதை 64 பிட் பின்ன எண்ணாகச் சேமித்தால் பிக்சலுக்கு எட்டு பைட் ஆகி, கோப்பு 964 எம்பிக்கு வளர்ந்துவிடும். அதே மதிப்பைப் பத்தாயிரத்தால் பெருக்கி 16 பிட் முழு எண்ணாக எழுதினால், நான்கு தசம இடத் துல்லியம் அப்படியே இருக்க, எந்தச் சுருக்கமும் செய்யாமலே அளவு நான்கில் ஒரு பங்காகிறது. நிலப்பயன்பாட்டு வகைகள் 255க்கு உட்பட்டவை என்றால் ஒரு பைட் போதும். அதை 32 பிட் எண்ணாக வைத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

உயரத்தை முழு எண்ணாக மாற்றும்போது நம் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குறியில்லாத 16 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு 65,535. உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதினால் 655.35 மீட்டருக்கு மேல் அதற்குள் அடங்காது. தருமபுரி நகரமும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஓசூர் பீடபூமியோ கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் உள்ளது. தருமபுரிப் பக்கத்துக் கோப்பில் சரியாக இருந்த அதே அமைப்பை ஓசூர்க் கோப்புக்கும் அப்படியே கொடுத்தால், உச்ச மதிப்பைத் தாண்டிய பிக்சல்கள் எல்லாம் 65,535 என்றே வெட்டப்பட்டு, மேட்டு நிலம் முழுவதும் ஒரே தட்டையாகத் தெரியும். டெசிமீட்டரில் எழுதினால் 6,553 மீட்டர் வரை இடமிருக்கிறது. செயற்கைக்கோள் வழி உயர மாதிரிக்கு அந்தத் துல்லியமே போதுமானது. சென்டிமீட்டர் தேவை என்றால் 32 பிட் எண்ணுக்குச் செல்ல வேண்டும். இப்படிப் பெருக்கி எழுதிய கோப்பில் வகுக்க வேண்டிய எண்ணை மேல்தரவாக, அதாவது கோப்பைப் பற்றிய தகவலாக, அதனுள்ளேயே பதிந்து வைக்கலாம். எனினும் சில மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்வதில்லை என்பதால், கோப்பின் பெயரிலேயே அலகைக் குறிப்பிட்டுவிடுவது பிறரைப் பிழையிலிருந்து காக்கும்.

அதே நேரத்தில், துல்லியத்தை அளவுக்கு மீறிக் குறைக்கவும் கூடாது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு முழு மீட்டர்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஒரு பாகைக் கட்டம் 3,601 பெருக்கல் 3,601 பிக்சல்களுடன் 26 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் சரிவு மிகக் குறைந்த ஆயக்கட்டு நிலங்களில் அதிலிருந்து சரிவுப் படம் எடுத்தால், உண்மையில் இல்லாத படிக்கட்டுகள் தெரியும். உயரம் ஒரு மீட்டர் மாறும் வரை தட்டையாகவும், மாறும் இடத்தில் திடீர் மேடாகவும் கணக்கீடு எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஏரியின் கொள்ளளவைக் கணக்கிடப் போகிறவர் தன் ட்ரோன் உயர மாதிரியை அப்படி முழு மீட்டருக்கு மாற்றிவிட்டால், அந்த அளவீட்டைச் செய்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

78 பாகைக் கோடும் இணைப்புக் கோப்பும்

நம் இரு மாவட்டங்களின் ஊடாகவே கிழக்கு 78 பாகைத் தீர்க்கரேகை செல்கிறது. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் ஆயமுறையில் 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் பிரியும் கோடு அதுவே. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகியவை மேற்கே 43இல் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் ஆகியவை கிழக்கே 44இல் இருக்கின்றன. ஆகவே ஒரு மாவட்டத்தை முழுமையாக மூடும் சென்டினல்-2 படங்களைப் பதிவிறக்கினால், அவை இரண்டு ஆயமுறைகளில் வந்து சேரும். மாவட்டம் முழுமைக்கும் ஒரே கோப்பு வேண்டும் என்றால் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றியாக வேண்டும். இரு மாவட்டத் தலைநகரங்களும் 44இல் இருப்பதால், அம்மண்டல ஆயமுறையின் குறியெண்ணான இபிஎஸ்ஜி 32644ஐத் தேர்வது பெரும்பாலான பணிகளுக்குப் பொருந்தும். மேற்கு ஓரத்தில் 77.5 பாகை அருகே தூர அளவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் கூடுதலாக வரும். பெரும்பாலான பணிகளில் அது பாதிப்பை ஏற்படுத்தாது.

ஆயமுறை மாற்றத்தின்போது ஒவ்வொரு பிக்சலும் மறுபடி கணக்கிடப்படுவதால் அதை ஒரே ஒருமுறை, மூலக் கோப்பிலிருந்து செய்ய வேண்டும். நிலப்பயன்பாட்டுக் குறியீடுகளுக்கு மிக அருகில் உள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் அருகமை மதிப்பு முறையையும், உயரத்துக்குச் சுற்றியுள்ள பிக்சல்களிலிருந்து இடை மதிப்பைக் கணக்கிடும் இருநேரியல் முறையையும் கொடுக்க வேண்டும். மாற்றிய படம் சற்றே சாய்ந்து நிற்பதால் ஓரங்களில் வெற்று முக்கோணங்கள் உண்டாகும். அவற்றுக்குத் தரவின்மை மதிப்பு, அதாவது இங்கே தரவு இல்லை என்று குறிக்கும் எண், கொடுக்காவிட்டால் அவை சுழிய உயரமாகவோ கறுப்பு நிலமாகவோ கணக்கில் புகுந்துவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆயமுறையை மாற்றும் வார்ப் கருவிக்கே சுருக்கத் தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால், அக்கருவி கோப்பின் ஒரே கட்டத்தை (பிக்சல் தொகுதியை) ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுத நேரலாம். சுருக்கிய கட்டம் மறுமுறை எழுதப்படும்போது முன்பைவிடப் பெரிதானால், பழைய இடம் காலியாக விடப்பட்டுக் கோப்பின் கடைசியில் புதிதாக எழுதப்படும். இதனால் சுருக்கிய கோப்பு எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக வெளிவருவதுண்டு. வார்ப் வெளியீட்டை முதலில் மூலக் கோப்புகளைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும் விஆர்டி (VRT) என்னும் மெய்நிகர் கோப்பாகவோ, சுருக்கமில்லாத தற்காலிகக் கோப்பாகவோ எடுத்துக்கொண்டு, பின்பு டிரான்ஸ்லேட் கருவியால் ஒரே மூச்சில் சுருக்கி எழுதுவதே முறை. ட்ரோன் மென்பொருள் பல துண்டுகளாகப் பிரித்துத் தந்த படங்களை இணைக்கும்போதும் இதே விஆர்டி உதவும். அது சில கிலோபைட் அளவுள்ள எழுத்துக் கோப்பு மட்டுமே என்பதால் இணைப்பு நொடிகளில் முடிந்துவிடும்.

ஏன் ஜியோடிஃப்?

காப்பகத்துக்கும் அன்றாடப் பணிக்கும், இட விவரத்தையும் உள்ளே கொண்ட டிஃப் படக் கோப்பான ஜியோடிஃப் வடிவமே என் பரிந்துரை. இன்று புழக்கத்தில் உள்ள நிலப்பட மென்பொருள் ஒவ்வொன்றும் அதைத் திறக்கும். அதன் விவரக்குறிப்பு 2019ஆம் ஆண்டிலிருந்து ஓஜிசி என்னும் புவியிடத் தரவுத் தர அமைப்பின் தரமாக உள்ளது. ஒரே வடிவத்துக்குள் பல சுருக்க முறைகளுக்கும் எல்லா எண் வகைகளுக்கும் இடமுண்டு. ஈசிடபிள்யூ, மிஸ்டர்சிட் ஆகியவை மிக நன்றாகச் சுருக்கும் என்றாலும், தனியார் உரிமத்துக்கு உட்பட்டவை. அவற்றை எழுத உரிமம் வேண்டும். படிக்கவும் எல்லாப் பதிப்புகளிலும் வசதி இருப்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்தும் திறக்க வேண்டிய தரவை அவற்றில் மட்டும் வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்டினல்-2 படங்கள் வந்து சேரும் ஜேபெக்-2000 வடிவம் இடத்தை நன்கு மிச்சப்படுத்துகிறது. ஆனால் விரித்துப் படிக்க அதிக நேரம் பிடிப்பதால், தொடர்ந்து வேலை செய்யவிருக்கும் பட்டைகளை ஜியோடிஃப்பாக மாற்றிக்கொள்வது நல்லது. உயரத்தை எழுத்துக்கோப்பாகச் சேமிக்கும் ஆஸ்கி கிரிட் முறையைப் பெரிய தரவுக்கு அறவே தவிர்க்க வேண்டும். பல ஆண்டு மழைப்பொழிவு போன்று காலமும் ஒரு பரிமாணமாக இருக்கும் தரவுக்கு மட்டும் நெட்சிடிஎஃப் பொருத்தமானது.

ஜியோடிஃப்பைத் தேர்ந்த பின் ஒன்றை மறக்கக் கூடாது. ஜிடால் கருவிக்கு எந்தத் தெரிவும் கொடுக்காமல் ஜியோடிஃப் எழுதச் சொன்னால், அது சுருக்காமலும், கட்டங்களாகப் பிரிக்காமல் வரிவரியாகவும் எழுதும். இந்த இயல்பு நிலைதான் பெரிய கோப்புகள் திறக்க மறுப்பதற்கு மிகுதியான நேரங்களில் காரணமாக இருக்கிறது.

சுருக்க முறைகள்

இழப்பில்லாச் சுருக்கத்தில் எல்இசட்டபிள்யூ, டிஃப்ளேட், இசட்ஸ்டாண்டர்டு (கருவியில் ZSTD) ஆகிய மூன்றும் நமக்கு முக்கியமானவை. முதலிரண்டும் மிகப் பழைய மென்பொருளிலும் திறக்கும். இசட்ஸ்டாண்டர்டு டிஃப்ளேட்டுக்கு நிகராகவோ சற்றுக் கூடுதலாகவோ சுருக்குவதுடன், அதைவிட வேகமாக எழுதவும் விரிக்கவும் செய்கிறது. ஆனால் பழைய பதிப்புகள் அதை அறியாது. தரவு உங்கள் கணினியிலேயே இருக்கப்போகிறது என்றால் இசட்ஸ்டாண்டர்டைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அரசு அலுவலகத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ ஒப்படைக்கும் கோப்பு என்றால், அங்கே எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது நம் கையில் இல்லாததால் டிஃப்ளேட்டே பொருத்தம். சுருக்க நிலையை உச்சத்துக்கு உயர்த்தினால் எழுதும் நேரம் பல மடங்காகும். மிச்சமாகும் இடமோ மிகக் குறைவு. இயல்பு நிலையே பெரும்பாலும் போதும்.

இம்மூன்றில் எதைத் தேர்ந்தாலும், அதனுடன் சேர்த்துக் கொடுக்கும் பிரெடிக்டர் என்ற தெரிவே முடிவை அதிகம் மாற்றுகிறது. சமவெளியில் அடுத்தடுத்த பிக்சல்களின் உயரம் 462, 462, 463, 463 என்று போகும்போது, முழு மதிப்பையும் எழுதாமல் முந்தைய பிக்சலுடனான வேறுபாட்டை மட்டும் எழுதினால் 0, 1, 0 என்று சிறிய எண்களே திரும்பத் திரும்ப வரும். அப்படித் திரும்பி வருவதைச் சுருக்குவதுதான் இம்முறைகளுக்கு எளிது. முழு எண் தரவுக்குப் பிரெடிக்டர் 2 என்றும், பின்ன எண் தரவுக்குப் பிரெடிக்டர் 3 என்றும் கொடுக்க வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருளின் டிரான்ஸ்லேட் சாளரத்தில் உயர் சுருக்கம் என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்தால் டிஃப்ளேட்டும் பிரெடிக்டர் 2ம் நிரப்பப்படும். உங்கள் உயர மாதிரி பின்ன எண்களைக் கொண்டது என்றால் அந்த இடத்தில் 2ஐ 3 என்று மாற்றிவிடுங்கள். நிலப்பயன்பாட்டுக் குறியீடுகளுக்கோ பிரெடிக்டர் பொதுவாகத் தேவையில்லை. ஒரே எண் நீண்ட தூரம் தொடர்வதால் அவை தாமாகவே நன்றாகச் சுருங்கும்.

ட்ரோன் உயர மாதிரியை இப்படியெல்லாம் செய்த பின்பும் அது போதிய அளவு சுருங்காமல் இருக்கக் காண்பீர்கள். மென்பொருள் 472.38174 என்று எழுதுகிறது. ஆனால் அளவீட்டின் உண்மையான துல்லியமோ சில சென்டிமீட்டர்தான். தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இடத்திலிருந்து இருக்கும் இலக்கங்கள் வெறும் இரைச்சல். எந்த ஒழுங்கும் இல்லாத இரைச்சலை இழப்பில்லாமல் சுருக்க எந்த முறையாலும் இயலாது. எஸ்ரி நிறுவனம் உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்ட லெர்க் (LERC) முறை இதற்கென்றே அமைந்தது. ஒரு பிக்சலில் அதிகபட்சம் எவ்வளவு பிழை வரலாம் என்பதை மீட்டரில் நாமே சொல்லலாம், 0.01 என்று கொடுத்தால் எந்தப் பிக்சலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறாது என்ற உறுதி கிடைக்கிறது. இது இழப்புள்ள முறைதான். ஆனால் இழப்பின் எல்லை நம் கட்டுப்பாட்டில் இருக்கும் இழப்பு. குவாரியின் கன அளவுக்கோ ஏரியின் கொள்ளளவுக்கோ ஒரு சென்டிமீட்டர் எல்லை வைப்பது நியாயமானது. லெர்க் வெளியீட்டையே டிஃப்ளேட்டாலோ இசட்ஸ்டாண்டர்டாலோ மேலும் சுருக்கவும் தெரிவு உண்டு. பெறுபவரின் மென்பொருள் லெர்க்கைத் திறக்குமா என்பதைக் கேட்டறிந்துகொண்ட பிறகே அதை அனுப்ப வேண்டும். ஐயம் இருந்தால் மதிப்புகளை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி, நூறால் பெருக்கி 32 பிட் முழு எண்ணாக டிஃப்ளேட்டில் கொடுக்கலாம்.

இனி ஜேபெக். பின்னணியாகப் பார்ப்பதற்கான மூன்று பட்டை ட்ரோன் படத்துக்கு இதற்கு நிகரான சேமிப்பு இழப்பில்லா முறைகளில் கிடைக்காது. அவற்றில் அத்தகைய படம் பாதியாகக் குறைந்தாலே பெரிது. ஜேபெக்கிலோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே செல்வது வழக்கம். தர அளவு இயல்பாக 75 என்றிருக்கும்; நிலப்படம் வரைவதற்கு வரப்புகளும் வேலிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் 85 முதல் 90 வரை கொடுப்பது நல்லது. அத்துடன் ஃபோட்டோமெட்ரிக் என்ற தெரிவுக்கு ஒய்சிபிசிஆர் என்று கொடுக்க மறவாதீர்கள். ஒளியளவையும் நிறத்தையும் பிரித்துச் சுருக்குவதால் கோப்பு கணிசமாகச் சிறுக்கும். அதே காரணத்தால் நிறங்களின் விளிம்புகள் சற்று மங்கும். பார்வைப் பயன்பாட்டில் அது தெரியாது.

ஜேபெக்கை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பது அதைவிட முக்கியம். நிலப்பயன்பாட்டுப் படத்தில் 3 மானாவாரி நிலம், 4 நீர்நிலை, 5 மாந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். மானாவாரியும் தோப்பும் சந்திக்கும் விளிம்பில் ஜேபெக் இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட மதிப்பை எழுதும். ஒவ்வொரு மாந்தோப்பைச் சுற்றியும் இல்லாத நீர்நிலை ஒன்று முளைக்கும். பரப்புக் கணக்கீடு முழுவதும் கெட்டுவிடும். படத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது அது கண்ணில் படவும் செய்யாது. தாவரக் குறியீடு கணக்கிடவுள்ள பட்டைகளுக்கும் வகைப்படுத்தலுக்கு உட்படுத்தவுள்ள படங்களுக்கும் இதே தடை பொருந்தும். மேலும், ட்ரோன் படத்தின் ஒழுங்கற்ற எல்லைக்கு வெளியே உள்ள கறுப்புப் பகுதியைச் சுழியம் என்றால் தரவின்மை என்று குறித்துவிட்டு ஜேபெக்கில் எழுதினால், ஓரத்துச் சுழியங்கள் 1, 2, 3 என்று மாறி, படத்தைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். தரவின்மை மதிப்புக்குப் பதிலாக, நான்காம் பட்டையை உள் முகமூடியாக எழுதச் சொல்லும் மாஸ்க் தெரிவைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வராது. முகமூடி தனியே இழப்பில்லாமல் சேமிக்கப்படுகிறது.

எந்த முறை எவ்வளவு சுருக்கும் என்பது நிலத்தைப் பொறுத்தும் மாறும். ஒரே சீரான வயல்வெளியும் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்காடும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. ஆகவே 40 ஜிபி கோப்பை நேரடியாகச் சுருக்கத் தொடங்காமல், சமவெளியிலிருந்து ஒரு துண்டும் மலையிலிருந்து ஒரு துண்டுமாக 5,000 பெருக்கல் 5,000 பிக்சல்கள் வெட்டியெடுத்து, இரண்டு மூன்று முறைகளைச் சோதித்து, அளவையும் எழுத ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நிமிட வேலை இது. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் ஏமாற்றமடைவதை இது தடுக்கும்.

கட்டங்கள், மேலோட்டப் படிமங்கள், பிக்டிஃப்

கோப்பு எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்பதைச் சுருக்கத்தைவிட உள்ளமைப்பே தீர்மானிக்கிறது. குறுக்கே ஒரு லட்சம் பிக்சல்கள் கொண்ட மூன்று பட்டைப் படம் வரிவரியாக எழுதப்பட்டிருந்தால் ஒரு வரி 3,00,000 பைட். அதன் நடுவில் 1,000 பெருக்கல் 1,000 பிக்சல் பகுதியை மட்டும் திரையில் காட்ட வேண்டுமானால், கணினி ஆயிரம் முழு வரிகளை, அதாவது 300 எம்பியை, படித்து விரிக்க வேண்டியிருக்கும். அதே படம் 512 பெருக்கல் 512 கட்டங்களாக எழுதப்பட்டிருந்தால், அதிகபட்சம் ஒன்பது கட்டங்கள், அதாவது ஏழு எம்பி போதும். டைல்டு என்ற தெரிவுக்கு ஆம் என்று கொடுப்பது மட்டுமே இதற்குத் தேவை. கட்ட அளவு இயல்பாக 256 ஆக இருக்கும், பெரிய படங்களுக்கு 512 ஆக்கலாம்.

படம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும்போது மேற்சொன்னது உதவாது. அங்கே மேலோட்டப் படிமங்கள் வேண்டும். பாதி, கால், அரைக்கால் என்று படிப்படியாகச் சிறிதாக்கிய பிரதிகளைக் கோப்புக்குள்ளேயே வைப்பதை இது குறிக்கிறது. கியூஜிஐஎஸ் இதைப் பிரமிடு என்று அழைக்கிறது. எல்லாப் படிகளும் சேர்ந்தாலும் சுருக்கமில்லாத கணக்கில் மூலத்தின் மூன்றில் ஒரு பங்கு இடமே கூடுகிறது. ஒரு லட்சம் பிக்சல் அகலப் படத்துக்கு எட்டுப் படிகள் போதுமானவை. படத்துக்கும் உயரத்துக்கும் சராசரி முறையில் சிறிதாக்கலாம். குறியீட்டுத் தரவுக்கு அருகமை மதிப்பு அல்லது பெரும்பான்மை முறையையே கொடுக்க வேண்டும். இல்லையெனில் தொலைவிலிருந்து பார்க்கும்போது, முன்பு சொன்ன பொய் நீர்நிலைகள் இங்கேயும் தோன்றும்.

இவை அனைத்தையும் ஒன்றாகச் செய்து தருவது காக் (COG) என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேகக்கணினிக்கு உகந்த ஜியோடிஃப். இது புதிய வடிவம் அன்று. கட்டங்களும் மேலோட்டப் படிமங்களும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கப்பட்ட ஜியோடிஃப்பே என்பதால் பழைய மென்பொருளிலும் திறக்கும். 2023ஆம் ஆண்டில் இதுவும் ஓஜிசி தரமானது. ஜிடால் 3.1 பதிப்பிலிருந்து வெளியீட்டு வடிவமாகக் காக் என்று கொடுத்தாலே போதும். பிரெடிக்டருக்கு ஆம் என்று எழுதினால் எண் வகைக்கேற்ப 2 அல்லது 3ஐ அதுவே தேர்ந்துகொள்கிறது. ஆனால் வண்ண அட்டவணை இணைக்கப்படாத குறியீட்டுத் தரவை அது சாதாரணப் படமாகவே கருதி, மேலோட்டப் படிமங்களை, அண்டை எண்களைக் கலந்து கணக்கிடும் முப்படி முறையில் உருவாக்கிவிடும். அத்தகைய கோப்புக்கு ரீசாம்ப்ளிங் தெரிவில் நியரெஸ்ட் (அருகமை மதிப்பு) என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். இடையில் தற்காலிகக் கோப்புகளை எழுதுவதால், வன்தட்டில் போதிய காலியிடம் இருக்கிறதா என்பதையும் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதிய கோப்பை இணையச் சேவையகத்தில் வைத்தால், திரைக்குத் தேவையான கட்டங்களை மட்டும் கேட்டுப் பெற முடியும். தருமபுரியில் இருப்பவர் 30 ஜிபியையும் பதிவிறக்காமல் தன் ஏரியை மட்டும் பார்க்கலாம்.

சாதாரண டிஃப் கோப்பு, உள் முகவரிகளை 32 பிட்டில் எழுதுவதால் 4 ஜிபியைத் தாண்ட இயலாது. அதற்கு மேல் பிக்டிஃப் அமைப்பு வேண்டும். சுருக்கி எழுதும்போது இறுதி அளவு முன்கூட்டித் தெரியாததால் கருவியின் ஊகம் தவறலாம். பல மணி நேரம் எழுதிய பின் பிழையுடன் நிற்பதைத் தவிர்க்க, பிக்டிஃப் தெரிவுக்கு இஃப் சேஃபர் (IF_SAFER) என்று கொடுத்துவிடுங்கள்.

களத்துக்கும் பகிர்வுக்கும்

கைப்பேசியில் கியூஃபீல்டு போன்ற செயலியுடன் களத்துக்குச் செல்பவருக்கு எம்பிடைல்ஸ் கோப்பு வசதியானது. வலைப்பின்னல் கிடைக்காத மலைக்கிராமங்களிலும் அது முழுமையாக வேலை செய்யும். ஆனால் அது வலைநிலப்பட ஆயமுறையில் எழுதிய நிறப்படம் மட்டுமே. அதிலிருந்து அளவீடு எடுக்கக் கூடாது. பென் டிரைவில் கொடுப்பதானால், பல டிரைவ்கள் இன்றும் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை எழுத முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுருக்கிய ஜியோடிஃப்பை ஜிப் கோப்பாக்குவதால் அளவு குறையப்போவதில்லை. பெறுபவர் முழுவதையும் விரித்த பிறகே திறக்க வேண்டியிருக்கும் என்பதால் அது இடையூறாகவே முடியும்.

சரிபார்த்த பின்பே அழித்தல்

புதிய கோப்பு உருவானதும் ஜிடால் இன்ஃபோ கருவியில் அதைத் திறந்து, சுருக்க முறை, கட்ட அளவு, ஆயமுறை, தரவின்மை மதிப்பு, மேலோட்டப் படிமங்களின் பட்டியல் ஆகியவை நீங்கள் கேட்டபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்ட அளவுக்கு நேரே படத்தின் முழு அகலமும் ஒன்றும் எழுதப்பட்டிருந்தால் அது இன்னும் வரிவரியாகவே இருக்கிறது என்று பொருள். அடுத்து, ராஸ்டர் கணிப்பானில் பழைய கோப்பிலிருந்து புதியதைக் கழியுங்கள். இழப்பில்லாச் சுருக்கமானால் வேறுபாட்டின் குறைந்த மதிப்பும் உச்ச மதிப்பும் சுழியமாகவே இருக்க வேண்டும். லெர்க் முறையானால் இரண்டும் நீங்கள் கொடுத்த எல்லைக்குள் அடங்க வேண்டும். நிலப்பயன்பாட்டுப் படத்தில் வகைவாரியாகப் பிக்சல்களை எண்ணி, இரு கோப்புகளிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். உயர மாதிரியிலிருந்து ஒரு சரிவுப் படம் எடுத்து, ஏரியின் உட்பரப்பைப் போன்ற தட்டையான இடத்தில் படிக்கட்டுகள் தோன்றுகின்றனவா என்று கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாம் பொருந்தி, புதிய கோப்பின் இரண்டு பிரதிகள் வெவ்வேறு வட்டுகளில் சேர்ந்து, படமெடுத்த தேதி, ஆயமுறை, உயரத்தின் அடிப்படை மட்டம், அலகு, பயன்படுத்திய சுருக்கம் ஆகியவை ஓர் எழுத்துக்கோப்பில் அருகிலேயே பதிவான பிறகு, சுருக்கமில்லாத பழைய கோப்பை அழிக்கலாம். ட்ரோன் எடுத்த மூல ஒளிப்படங்களை மட்டும் அப்போதும் அழிக்காதீர்கள்; உயர மாதிரியைப் புதிதாக உருவாக்க வேண்டிய நாள் வந்தால் அவை மட்டுமே உதவும்.